வடிகட்டுவது துளையா, தூளா?



உங்கள் வீட்டுச் சமையலறையில் காப்பி பில்டர் இருக்கிறதா? இருந்தால் அதை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும் இரண்டு உருளைப் பாத்திரங்கள். மேல் பாத்திரத்தின் அடியில் நெருக்கமாகப் போட்ட சிறு துளைகள். தூளின்மீது வைத்து அமுக்குவதற்கு, நடுவில் தண்டு நிற்கும் ஒரு துளைத்தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. அவ்வளவுதான்! பித்தளையிலோ எவர்சில்வரிலோ செய்யப்பட்ட இந்தச் சாதனத்தில் சுழலும் பாகம் ஒன்றும் இல்லை, மின்சாரம் தேவையில்லை, வேலை முடிந்ததும் தூக்கி எறிய வேண்டிய பொருளும் இல்லை. தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றிவிட்டால், மீதி வேலையைப் புவியீர்ப்பு விசை பார்த்துக்கொள்கிறது.

இனி, மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளைகள் வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். அடுத்து, ஒரு சிட்டிகை காப்பித் தூளை வெள்ளைத் தாளில் பரப்பி, துகள்களின் அளவைத் துளையின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு விந்தை புலப்படும். மிகப் பல துகள்கள் துளையைவிடச் சிறியவை!

துளையைவிடச் சிறிய துகள் துளை வழியே விழத்தானே வேண்டும்? ஆனாலும் நீங்கள் குடிக்கும் காப்பியில் தூள் மிதப்பதில்லையே! அப்படியானால் தூளைத் தடுத்து நிறுத்துவது எது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பில்டர் ஏன் சில நாள் சொட்டாமல் அடம்பிடிக்கிறது, ஏன் சில நாள் டிகாக்ஷன் தண்ணீராய் இறங்குகிறது, காகித வடிகட்டிக்கும் உலோக வடிகட்டிக்கும் என்ன வேறுபாடு என்ற எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கும்.

பவுடர் டப்பா சொல்லும் பாடம்

முகப் பவுடர் டப்பாவைத் திறந்த நிலையில் தலைகீழாகப் பிடியுங்கள். அசைக்காதீர்கள். பவுடர் கொட்டுகிறதா? சிறிது விழுந்து நின்றுவிடும். பவுடரின் ஒவ்வொரு துகளும் டப்பாவின் துளையைவிடப் பல மடங்கு சிறியது. இருந்தும் அது விழவில்லை. டப்பாவைக் குலுக்கினால்தான் விழுகிறது.

காரணம் என்னவென்றால், துளையை நோக்கி ஒரே சமயத்தில் பல துகள்கள் நெருங்கி வரும்போது, அவை ஒன்றின்மீது ஒன்று சாய்ந்து, துளைக்கு மேலே ஒரு சிறு வளைவைக் கட்டிவிடுகின்றன. கோயில் வாயிலிலும் பழைய பாலங்களிலும் செங்கல் வளைவைப் பார்த்திருப்பீர்கள். வளைவிலுள்ள ஒவ்வொரு கல்லும் தன் பக்கத்துக் கல்லின்மீது சாய்ந்திருப்பதால், அடியில் தாங்கு இல்லாமலே வளைவு நிற்கிறது. துகள்கள் கட்டும் வளைவும் அப்படிப்பட்டதே. துளை, துகளைவிட மூன்று நான்கு மடங்கு பெரியதாக இருந்தாலும் இந்த வளைவு எளிதில் உண்டாகும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை உடையவையானால், இன்னும் பெரிய துளையையும் அவை அடைத்துவிடும். குலுக்கும்போது வளைவு உடைகிறது, துகள்கள் விழுகின்றன.

பில்டரில் நடப்பதும் இதுதான். தூளைப் போட்டவுடன் துளைக்கு நேரே இருக்கும் சில துகள்கள் கீழே விழும். உடனே மற்றவை வளைவு கட்டிக்கொள்ளும். நீர் பட்டதும் துகள்கள் சற்று உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, வளைவு மேலும் உறுதிப்படும். இப்படி முதல் அடுக்கு நின்றுவிட்டால், அந்த அடுக்கின் இடைவெளிகள் துளையைவிட மிகச் சிறியவை அல்லவா? அடுத்த அடுக்குத் துகள்களை அவை தடுத்துவிடும். அடுத்த அடுக்கு அதற்கும் மேலுள்ள இன்னும் மென்மையான துகள்களைத் தடுக்கும்.

ஆக, நம் தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உலோகத் துளைகள் தூள் படுகையைத் தாங்கி நிற்கின்றன. வடிகட்டும் வேலையைச் செய்வது தூள் படுகையே! இதற்குச் சான்று வேண்டுமா? முதலில் விழும் சில சொட்டுகளைத் தனியே ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், கலங்கலாக இருக்கும். சற்று நேரம் கழித்து விழும் சொட்டுகள் தெளிவாக இருக்கும். துளைகள் மாறவில்லை, இடையில் படுகை அமைந்துவிட்டது.

டிஜான் நகரத்து மணல்

காப்பித் தூள் படுகையில் நீர் எவ்வளவு வேகமாக இறங்கும்? இதற்கான விதியைக் கண்டறிந்தவர் காப்பியை ஆராய்ந்தவர் அல்லர், குடிநீர்ப் பொறியாளர். பிரான்ஸ் நாட்டு டிஜான் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் ஹென்றி டார்சி. குடிநீரை மணலில் வடிகட்டுவது அக்காலத்திலேயே வழக்கில் இருந்தது. நிமிர்த்தி நிறுத்திய குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரைச் செலுத்தி அளந்து, தம் முடிவுகளை 1856-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

அவர் கண்ட உண்மை எளியது. நீரைத் தள்ளும் அழுத்த உயரம் இரு மடங்கானால் பாயும் நீரின் அளவும் இரு மடங்காகும். படுகையின் குறுக்குப் பரப்பு இரு மடங்கானாலும் அப்படியே. படுகையின் தடிமன் இரு மடங்கானால் பாயும் நீர் பாதியாகும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு வேறொரு விதி நினைவுக்கு வரவேண்டும். ஆம், ஓம் விதி! மின்னழுத்த வேறுபாட்டின் இடத்தில் நீர் மட்டத்தின் உயரம்; மின்னோட்டத்தின் இடத்தில் நீரோட்டம்; மின்தடையின் இடத்தில் தூள் படுகையின் தடை. கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் தடை குறையும் என்று படித்திருக்கிறீர்கள். படுகைக்கும் அதே கணக்குத்தான். குறுகலான பில்டரில் தூளை உயரமாக நிரப்பினால் டிகாக்ஷன் மெதுவாகவும், அகலமான பில்டரில் அதே தூளைப் பரப்பினால் வேகமாகவும் இறங்குவது இதனால்தான். மேல் பாத்திரத்தில் நீர் மட்டம் குறையக் குறைய, அழுத்த உயரமும் குறைகிறது. கடைசிச் சில மில்லி இறங்க நெடுநேரம் ஆவதன் காரணமும் இதுவே.

தூளின் நயம் என்ன செய்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துகளின் அளவு பாதியானால், துகள்களுக்கு இடையிலுள்ள பாதைகளின் விட்டமும் பாதியாகும். மெல்லிய குழாயில் பாயும் நீரின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது; இது புவாசெய் கண்ட விதி. ஆகவே ஒவ்வொரு பாதையிலும் நீரோட்டம் 16-ல் ஒரு பங்காகும். ஆனால் பாதைகள் சிறுத்ததால், அதே பரப்பில் நான்கு மடங்கு பாதைகள் இருக்கும். 16-ல் ஒரு பங்கை 4-ஆல் பெருக்கினால் 4-ல் ஒரு பங்கு. அதாவது, தூளைப் பாதி நயமாக அரைத்தால் நீர் இறங்க நான்கு மடங்கு நேரம் ஆகும். காப்பிக் கடையில் அரைவைச் சக்கரத்தைச் சற்றுத் திருப்பிவிட்டாலே, மறுநாள் காலையில் வீட்டில் பில்டர் மாறிவிட்டது போலத் தோன்றுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

சிக்கரியும் இங்கே பங்கு பெறுகிறது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை உலர்த்தி வறுத்து அரைத்துக் காப்பித் தூளோடு கலக்கிறார்கள். காப்பித் தூளின் எடையில் நீரில் கரையக்கூடிய பொருள் ஏறக்குறைய 30 சதவீதம். சிக்கரியில் அது மிக அதிகம். எனவே டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் கூடுகின்றன. நம் நாட்டு உணவுச் சட்டப்படி, காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பொட்டலத்தின்மீது இரண்டின் பங்கும் அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த முறை வாங்கும்போது படித்துப் பாருங்கள்.

துளைத்தட்டு எதற்கு?

வெப்பவியல் பாடத்தில் ரம்ஃபோர்டு பிரபு என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழுந்த வெப்பத்தைக் கவனித்து, வெப்பம் ஒரு பொருள் அன்று, இயக்கத்தின் விளைவு என்று 1798-இல் வாதிட்டவர் அவர்தான். அதே ரம்ஃபோர்டு 1812-இல் காப்பி தயாரிப்பது பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்! காப்பியைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். துளையிட்ட அடிப்பாகத்தின்மேல் தூளைச் சமமாகப் பரப்பி, ஒரு தட்டால் அளவாக அமுக்கி, வெந்நீரை ஊற்றி இறக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. நம் வீட்டுப் பில்டரின் வழியும் இதுதான்.

தட்டு இல்லாமல் நீரை நேரே ஊற்றினால் என்ன ஆகும்? நீர் விழும் இடத்தில் படுகை குழியும். குழிந்த இடத்தில் படுகையின் தடிமன் குறைவு. எனவே தடையும் குறைவு. டார்சி விதிப்படி அங்கே நீர் வேகமாகப் பாயும். வேகமான நீர் இன்னும் குழிபறிக்கும். பாதை மேலும் எளிதாகும். வயல் வரப்பில் ஒரு சிறு நண்டு வளை எப்படி உடைப்பாக மாறுகிறதோ, அப்படித்தான். கடைசியில் பெரும்பகுதி நீர் ஒரே பாதையில் ஓடிவிடும். அந்தப் பாதையிலுள்ள தூள் சாரம் முழுவதையும் இழந்து கசப்பைத் தரும். மற்ற இடத்துத் தூள் சரியாக நனையாமலே இருக்கும். டிகாக்ஷன் ஒரே நேரத்தில் நீர்த்தும் கசந்தும் போவது இதனால்தான்.

துளைத்தட்டு நீரின் வீச்சைத் தான் வாங்கிக்கொண்டு, பல துளைகள் வழியே பரப்பி மெதுவாக விடுகிறது. தூளைச் சமமாக வைத்திருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு பலங்கொண்ட மட்டும் அமுக்கினால் இடைவெளிகள் நெருங்கிப் பாதை அடைபடும். ஆகவே அமுக்குவது, தூள் சமப்படும் அளவுக்குப் போதும்.

வெந்நீர் ஏன் வேகமாக இறங்குகிறது?

வெந்நீரில் சாரம் விரைவாகக் கரையும் என்பது எல்லோரும் அறிந்தது. வெந்நீர் விரைவாக இறங்கவும் செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேனும் நீரும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தேனின் பாகுநிலை அதிகம். நீருக்கும் பாகுநிலை உண்டு; அது வெப்பத்தால் குறைகிறது. 25 டிகிரி செல்சியஸில் இருப்பதைப் போல 90 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. எனவே அதே படுகையில் வெந்நீர், தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக இறங்கும். பில்டர் ஆறிவிட்டால் சொட்டும் வேகம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலே மூடி போடுவது தூசிக்காக மட்டும் அன்று, வெப்பத்தைக் காப்பதற்காகவும்தான்.

நீர் கொதித்ததும் இறக்கி, சில விநாடி கழித்து ஊற்றினால் 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்கும். காப்பிக்கு ஏற்ற வெப்பநிலை இதுவே.

சொட்டாத பில்டர்

தூள் சரி, தண்ணீர் சரி. ஆனாலும் சில நாள் ஒரு சொட்டும் விழாது. அப்போது பெரியவர்கள் மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி வைப்பார்கள். உடனே சொட்டத் தொடங்கும். இதில் மந்திரம் ஏதும் இல்லை. பாயில் விதி இருக்கிறது.

கீழ்ப் பாத்திரத்தில் 200 மில்லி காற்று இருப்பதாகவும், மேல் பாத்திரம் அதன் வாயில் இறுகப் பொருந்திவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையில் வழிந்த நீர் ஒரு வளையமாக நின்றுவிட்டாலும் இப்படி அடைபடலாம். இப்போது 1 மில்லி டிகாக்ஷன் கீழே விழுந்தால், 200 மில்லி காற்று 199 மில்லி இடத்தில் அடங்க வேண்டும். அதன் அழுத்தம் 200-இல் ஒரு பங்கு, அதாவது அரை சதவீதம் உயரும்.

அரை சதவீதம்தானே என்று எண்ணாதீர்கள். காற்றழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீருக்குச் சமம். அதில் 200-இல் ஒரு பங்கு என்பது 5 சென்டிமீட்டர் நீர். பில்டரில் தூளுக்கு மேல் நிற்கும் நீரே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆக, ஒரே ஒரு மில்லி இறங்கியதும், கீழேயுள்ள காற்று மேலேயுள்ள நீரைத் தாங்கிப் பிடித்துவிடும். வெந்நீரின் வெப்பத்தால் அந்தக் காற்று விரிவடைய முயல்வது இன்னொரு தடை. மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கினால் காற்று வெளியேறுகிறது, டிகாக்ஷன் இறங்குகிறது.

தூக்கி வைத்தும் சொட்டவில்லையா? அப்படியானால் காரணம் தூள் மிக நயமாக இருப்பது, அதிகம் அமுக்கியது, அல்லது துளைகள் அடைபட்டிருப்பது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே விஞ்ஞானத்தின் வழி.

தூள் குடித்துவிட்ட நீர்

100 மில்லி நீரை ஊற்றினால் 100 மில்லி டிகாக்ஷன் வருவதில்லை. ஒரு கிராம் தூள் ஏறக்குறைய 2 கிராம் நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 20 கிராம் தூள் போட்டிருந்தால் 40 மில்லி போக, 60 மில்லிதான் கிடைக்கும்.

அந்த நீர் ஏன் இறங்குவதில்லை? ஒரு பகுதி, துகள்களுக்கு உள்ளேயே ஊறிவிட்டது. மற்றொரு பகுதியைப் பரப்பு இழுவிசை பிடித்து வைத்திருக்கிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால், நீர் தானாக ஏறுவதைச் சோதனைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நீர் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஏறும். தூள் படுகையின் இடைவெளிகளும் அப்படிப்பட்ட மெல்லிய பாதைகளே. படுகையின் உயரமோ சில சென்டிமீட்டர்தான். 30 சென்டிமீட்டர் நீரைத் தாங்கக்கூடிய பாதைகள் 3 சென்டிமீட்டர் நீரை விட்டுவிடுமா? மழை நின்று பல நாள் கழித்தும் வயல் மண்ணில் ஈரம் தங்குவதும் இதே காரணத்தால்தான். அந்த ஈரத்தைக் கொண்டுதான் பயிர் பிழைக்கிறது.

காகிதமும் உலோகமும்

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவிக்குக் காப்பியின் அடியில் தங்கும் வண்டல் பிடிக்கவில்லை. 1908-இல் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளைகள் போட்டு, பள்ளியில் படிக்கும் மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றுத் தாளைக் கிழித்து அதன்மேல் வைத்து வடிகட்டினார். காகித வடிகட்டியின் வரலாறு இப்படித்தான் தொடங்கியது. அவரும் உலோகத் துளையில்தான் தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

காகிதம் என்பது நார்களின் பின்னல். அதன் இடைவெளிகள் உலோகத் துளையைவிடப் பல மடங்கு சிறியவை. தூள் படுகைக்கும் தப்பி வரும் மிக நுண்ணிய துகள்களை அது தடுக்கும். இன்னொன்றையும் தடுக்கும், அது எண்ணெய். காப்பிக் கொட்டையின் எடையில் 10 முதல் 15 சதவீதம் எண்ணெய். அதில் ஒரு சிறு பகுதி, நுண்ணிய துளிகளாக நீரோடு இறங்கி வருகிறது. உலோகத்தில் இறக்கிய காப்பி நாக்கில் கெட்டியாகப் படுவதற்கு இந்த எண்ணெயும் நுண்துகளும் காரணம். காகிதத்தில் இறக்கிய காப்பி தெளிவாகவும் மெலிவாகவும் இருக்கும்.

இது ருசியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. 1983-இல் நார்வே நாட்டின் டிராம்சோ ஆய்வு, அதிகம் காப்பி குடிப்பவர்களின் இரத்தத்தில் கொலஸ்டிரால் கூடுதலாக இருப்பதைத் தெரிவித்தது. அக்காலத்தில் அங்கே பலர் தூளை நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டாமல் தெளியவைத்துக் குடிப்பது வழக்கமாக இருந்தது. காகிதத்தில் வடிகட்டினால் கொலஸ்டிராலை உயர்த்தும் பொருள் நின்றுவிடுகிறது என்று 1991-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். அந்தப் பொருள்களில் முக்கியமானது காபிஸ்டால். அது காப்பி எண்ணெயில் இருக்கிறது.

அப்படியானால் வீட்டுப் பில்டரைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? பதறத் தேவையில்லை. கொதிக்கவைத்த காப்பியைப் போல நம் பில்டரில் தூளும் டிகாக்ஷனும் ஒன்றாகக் கிடப்பதில்லை. தூள் படுகையும் ஓரளவு எண்ணெயைப் பிடித்து வைக்கும். ஆனால் காகிதம் தடுக்கும் அளவுக்கு உலோகத் துளை தடுக்காது என்பதும் உண்மை. உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ கொலஸ்டிரால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தால், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், எப்படி இறக்கியது என்பதையும் அவரிடம் சொல்லிக் கேட்பது நல்லது. பாலிலுள்ள கொழுப்பும் அந்தக் கணக்கில் வரவேண்டும். வேண்டுமானால், காப்பி வடிகட்டும் காகிதத்தை வட்டமாக வெட்டிப் பில்டரின் அடியில் போட்டு அதன்மேல் தூளை இடலாம். நீர் இறங்கும் வேகம் குறையும் என்பதால், தூளைச் சற்றுக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்ல வேண்டும்.

இன்று கடைகளில், கண்ணாடிக் குவளையின்மேல் வைத்து நீர் ஊற்றும் கூம்பு வடிவ எவர்சில்வர் வடிகட்டிகளும் கிடைக்கின்றன. ஒவ்வொரு முறையும் காகிதம் வாங்கி எறிய வேண்டியதில்லை என்பதற்காக வந்தவை இவை. நம் பில்டரின் உறவினர்தான். ஆனால் கூம்பின் பக்கங்கள் எல்லாம் சல்லடை. நீர் படுகை முழுவதையும் கடக்காமல் பக்கவாட்டிலும் வெளியேறும். எனவே டிகாக்ஷன் விரைவில் இறங்கும். நம்முடையதைப் போலக் கெட்டியாக இராது. பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு அது ஏற்றது. பாலில் கலக்கக் கெட்டியான டிகாக்ஷன் வேண்டுமென்றால், நீர் முழுப் படுகையையும் மெதுவாகக் கடந்தே வரவேண்டும்.

துளைகளைக் காப்பது எப்படி?

பலமுறை பயன்படுத்தும் சாதனம் என்றால் சுத்தம் செய்தாக வேண்டும். துளைகளை அடைப்பவை இரண்டு. ஒன்று, காய்ந்துபோன எண்ணெயும் நுண்துகளும். எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டு, சிக்கு வாடை தரும்; மறுநாள் காப்பியிலும் அது ஏறும். மற்றொன்று, உப்பு நீர் உள்ள ஊர்களில் படியும் சுண்ணாம்புப் படிவு.

அன்றன்று தூளைத் தட்டிவிட்டு, அடிப்புறத்திலிருந்து நீரை வேகமாக அடித்துக் கழுவினால் பெரும்பாலும் போதும். துளையில் துகள்கள் மேலிருந்து வந்து வளைவு கட்டுகின்றன அல்லவா? எதிர்ப்புறமிருந்து தள்ளினால் வளைவு எளிதில் கலையும். எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்துவிட்டால், சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்புப் படிவுக்குப் புளிக் கரைசல் அல்லது எலுமிச்சைச் சாறு. அமிலம் பட்டதும் படிவு கரைந்து, கரியமில வாயு வெளியேறும்.

பல வீடுகளில் மேல் பாத்திரத்தின் அடியை அடுப்பு நெருப்பில் காட்டுவார்கள். அடைத்திருக்கும் எண்ணெயும் தூளும் கருகிச் சாம்பலாகி உதிர்ந்துவிடும். இது நல்ல உத்திதான். ஆனால் இடுக்கியால் பிடித்து, பெரியவர்களே செய்ய வேண்டும். ஊசியால் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள்; துளை பெரிதாகிவிட்டால், துகள்கள் வளைவு கட்ட முடியாமல் கீழே இறங்கிவிடும்.

செய்து பாருங்கள்

கீழ்க்கண்ட சோதனைகளைக் குழாய்த் தண்ணீரிலேயே செய்யலாம், வெந்நீர் வேண்டாம். ஒரு முறை பயன்படுத்திய காப்பித் தூளே போதும். கடிகாரமும், அளவுக் கோடுகள் போட்ட ஒரு மருந்துக் குவளையும் தேவை.

1. தூள் இல்லாத பில்டரில் 100 மில்லி நீர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது? தூள் போட்டபின் எவ்வளவு? இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே, தடை துளையிலா தூளிலா என்பது தெரிந்துவிடும்.

2. தூளின் அளவை இரு மடங்காக்குங்கள். நேரம் எத்தனை மடங்காகிறது? டார்சி விதியோடு ஒத்துவருகிறதா?

3. ஒவ்வொரு நிமிடமும் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணி, வரைபடத் தாளில் குறியுங்கள். கோடு நேராக வருகிறதா, வளைகிறதா? ஏன்?

4. இரண்டு பாத்திரங்களும் சேரும் விளிம்பைச் சுற்றி ஈரமான மாவைப் பூசி அடைத்துவிட்டுச் சொட்டுகளை எண்ணுங்கள். பிறகு மாவை ஓரிடத்தில் மட்டும் நீக்குங்கள். என்ன நடக்கிறது?

நான்கையும் செய்து முடித்தபின், இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். வழக்கமாகப் போடும் தூளில் பாதியை மட்டும் போட்டு, நீரையும் பாதியாகக் குறைத்து ஊற்றுகிறீர்கள். அளவு விகிதம் மாறவில்லை. ஆனாலும் டிகாக்ஷன் வழக்கத்தைவிட நீர்த்து இறங்குகிறது. ஏன்? படுகையின் தடிமனையும், நீர் அதற்குள் தங்கும் நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். விடை உங்கள் வீட்டுப் பில்டருக்குள்ளேயே இருக்கிறது.